கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச்

(இசை ரசிகர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பேஸ் கிட்டார். நாலே கம்பி உள்ள வாத்தியம். கச்சேரிக்குப் போகிறீர்கள். பாடகரைப் பார்க்கிறீர்கள், கீபோர்டைப் பார்க்கிறீர்கள், லீட் கிட்டார் வாசிக்கும் பையன் முன்னால் வந்து நின்றால் கை தட்டுகிறீர்கள். பேஸ் வாசிப்பவனை யார் பார்க்கிறார்கள்? ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கு சரியாக விழாத இடத்தில் நின்றுகொண்டிருப்பான். அவன் வாசித்தது காதில் விழுந்ததா என்று கேட்டால் யோசிப்பீர்கள். ஆனால் அவன் நடுப்பாட்டில் கையை எடுத்துவிட்டால் அந்த நொடியே உங்களுக்குத் தெரியும். பாட்டின் காலுக்குக் கீழே தரை இருக்காது.

இந்த மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்பது நான் முப்பது வருஷமாக வாசிக்கும் பேஸ். மேஜைமேல் இருப்பது ஒரு துண்டு ஸ்பாஞ்ச். இரண்டு விரல் அகலம். நீளம் ஒரு சாண்கூட இல்லை. இன்றைய பேச்சு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான். கம்பியை அடிக்கிற வித்தைதான் பேஸ் என்று நினைத்துத்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அடித்த கம்பியை எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை என்று தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேஸ் வாசிப்பவரே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், விருதுநகர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பங்குனிப் பொங்கல். எங்கள் ஆர்கெஸ்ட்ரா. எனக்கு இருபத்திரண்டு வயது. பேஸுக்குப் புதுக் கம்பி போட்டிருந்தேன், பளபளவென்று. கடன் வாங்கிப் பெரிய ஆம்ப் ஒன்றும் வாங்கியிருந்தேன். முதல் பாட்டிலேயே மேடைப் பலகை அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது பாட்டில் பாடகர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பாட்டில் கீபோர்டு வாசிப்பவர் திரும்பிப் பார்த்தார். என் வாசிப்பை ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டீ இடைவேளையில், ட்ரம்ஸ் வாசிக்கும் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது. “தம்பி, நீ அடிக்கிறது ஊருக்கே கேக்குது. நிறுத்துறதுதான் கேக்க மாட்டேங்குது.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ட்ரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்முக்குள் சத்தம் அதிகம் இழுக்காமலிருக்கப் பழைய தலையணை, ஸ்பாஞ்ச் எல்லாம் திணித்து வைத்திருப்பார்கள். அதற்குள் கையை விட்டு ஒரு துண்டைப் பிய்த்தார். பிளேடால் நறுக்கினார். என் பேஸில் கம்பிகள் முடியும் இடத்தில், பிரிட்ஜுக்கு ஒட்டி, கம்பிகளுக்கு அடியில் அதைச் செருகினார். “இப்ப வாசி” என்றார்.

வாசித்தேன். அதுவரை ‘தூம்ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டே போன சத்தம் ‘தும்’ என்று நின்றது. ஒரு ‘தும்’முக்கும் அடுத்த ‘தும்’முக்கும் நடுவில் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் அண்ணனுடைய ட்ரம் கேட்டது. பாடகருடைய சொல் கேட்டது. மைதானத்தில் ராட்டினக்காரன் கூவுவதுகூடக் கேட்டது. அதுவரை அந்த இடம் முழுவதையும் நான் ஒருவனே அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

நண்பர்களே, அந்த ஸ்பாஞ்ச் அண்ணனின் கண்டுபிடிப்பு இல்லை. அதன் கதையைத் தேடிப் போனால் இந்த வாத்தியம் பிறந்த இடத்துக்கே போய்ச் சேருகிறோம்.

1951-க்கு முன்னால் பேஸ் என்றால் டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும் மர வாத்தியம். அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். ஊருக்கு ஊர் கொண்டுபோவது பெரும்பாடு. கொண்டுபோனாலும் பக்கத்தில் நாலு டிரம்பெட் ஊதினால் வாசிப்பவனுக்கே கேட்காது. மெட்டும் கிடையாது. நம் வீணையில் இருக்கிறதே மெட்டு, ஆங்கிலத்தில் ஃப்ரெட் என்கிறார்களே, அது டபுள் பேஸில் இல்லை. விரலை எங்கே வைத்தால் எந்தச் சுரம் என்பது காதுக்கும் கைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், ஃபுல்லர்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே லியோ ஃபெண்டர் என்றொருவர். ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். வாசிக்கத் தெரியாத அவர்தான் வாசிப்பவர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்டார். 1951-இன் கடைசியில் அவர் கொண்டுவந்த வாத்தியத்துக்குப் பெயர் பிரிசிஷன் பேஸ். துல்லிய பேஸ் என்று சொல்லலாம். ஏன் துல்லியம்? மெட்டு போட்டுவிட்டார்! விரல் கொஞ்சம் முன்பின் விழுந்தாலும் சுரம் சரியாக நிற்கும். கம்பி தொடங்கும் நட்டிலிருந்து அது முடியும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம். பெரும்பாலான பேஸ்களுக்கு இன்றைக்கும் அதே அளவுதான். இதற்கும் முன்பே, 1930களில், சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் மெட்டு போட்ட மின்சார பேஸ் ஒன்றைச் செய்திருக்கிறார். அது பரவவில்லை. ஃபெண்டருடையது உலகத்தைச் சுற்றியது.

இப்போது கவனியுங்கள். டபுள் பேஸில் கம்பியைச் சுண்டினால் ஒலி சட்டென்று பூத்து, சட்டென்று அடங்கிவிடும். அந்தக் காலத்துக் காது அதற்குத்தான் பழகியிருந்தது. மின்சார பேஸ் அப்படி அடங்காது. கனமான பலகை, இரும்புக் கம்பி, இழுத்துக்கொண்டே போகும். ஃபெண்டர் என்ன செய்தார் தெரியுமா? பிரிட்ஜின் மேல் பளபளப்பான தகட்டு மூடி ஒன்று போட்டார். அந்த மூடிக்கு உள்ளே என்ன ஒட்டியிருந்தார்? ஸ்பாஞ்ச்! கம்பியைத் தொட்டு, ஒலியை அடக்க. பேஸ் கடைக்கு வரும்போதே நிறுத்தமும் அதோடு சேர்ந்தே வந்தது. பிற்பாடு வந்தவர்கள் மூடியைக் கழற்றி எறிந்தார்கள். அதோடு நிறுத்தத்தையும் எறிந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு கவலை உண்டு.

மூடியைக் கழற்றாத ஒரு மனிதரைப் பற்றி இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டே சொல்கிறேன். எங்கள் தொழிலில் அவர் பெயரைச் சொல்லும்போது சிலர் தம்மையறியாமல் எழுந்து நின்றுவிடுவார்கள்.

ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் எடிஸ்டோ என்ற தீவில் பிறந்த கறுப்பினக் குழந்தை. சிறு வயதில் ஒரு குச்சியை மண்ணில் நட்டு, அதில் ரப்பர் பேண்டைக் கட்டிச் சுண்டுவாராம். நிலத்தில் ஊரும் எறும்புகளை ஆட வைக்கிறேன் என்று சொல்வாராம். யோசித்துப் பாருங்கள், கேட்பவர் காலுக்குக் கீழே அதிர்வை அனுப்புவதுதானே பேஸ்! பிறகு தாயோடு டெட்ராய்ட் நகரத்துக்கு வந்தார். பள்ளியில் டபுள் பேஸ் கற்றார். அந்த நகரத்தில், மேற்கு கிராண்ட் புலவார் தெருவில், ஒரு சாதாரண வீட்டை மாற்றிக் கட்டிய ஸ்டூடியோ இருந்தது. மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனி. ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கலைஞர்கள் வைத்த செல்லப் பெயர் ‘பாம்புக்குழி’. வயர்கள் பாம்புபோலக் கிடக்கும் சின்ன அறை. அங்கே இரவு பகலாக வாசித்த குழுவுக்கு ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்று பெயர். அந்தக் குழுவின் அடித்தளம் ஜேமர்சன்.

அவர் வைத்திருந்த கருவி என்ன? 1962-ஆம் வருஷத்து பிரிசிஷன் பேஸ். கம்பி? லா பெல்லா கம்பெனியின் தடித்த கம்பி, மேற்பரப்பு மழமழவென்றிருக்கும் ஃபிளாட்வவுண்ட் வகை. அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். விரல் வியர்வையும் அழுக்கும் ஏறி ஏறிச் செத்துப்போன கம்பி. அந்த அழுக்கில்தான் நாதம் இருக்கிறது என்று நம்பினார். பிரிட்ஜ் மூடிக்குக் கீழே ஸ்பாஞ்ச் அப்படியே இருந்தது. கம்பிகள் பலகையிலிருந்து எவ்வளவு தூக்கி இருக்கும் தெரியுமா? மற்றவர்கள் வாங்கி அழுத்திப் பார்த்தால் விரல் வலிக்கும். ஆம்ப்? ஒலிப்பதிவில் ஆம்பே இல்லை. பேஸிலிருந்து வயர் நேராக மிக்சருக்கு.

சரி, எத்தனை விரலால் வாசித்தார்? இங்கே வந்திருக்கும் தம்பிகள் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி வாசிக்கப் பழகியிருப்பீர்கள். நானும் அப்படித்தான். ஜேமர்சன் வலது கையில் வாசித்தது ஒரே விரல். ஆட்காட்டி விரல். டபுள் பேஸ் காலத்தில் பழகிய பழக்கம். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பெயர்.

பழைய கம்பி, தூக்கிய கம்பி, அடக்கிய கம்பி, ஒற்றை விரல். இன்றைக்குக் கடையில் போய் இப்படி ஒரு பேஸ் வேண்டும் என்று கேட்டால், ரிப்பேருக்குக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். அந்தக் கருவியில் அந்த மனிதர் வாசித்த 1967-ஆம் ஆண்டுப் பாட்டு ‘பெர்னடெட்’டைக் கேளுங்கள். நாலு பேர் வாசிப்பது போலிருக்கும். எங்கும் ஓடுகிறார், எதிர்பாராத இடத்தில் விழுகிறார், ஆனால் பாடகரின் ஒரு சொல்லின்மீதும் கால் வைக்கவில்லை. அது எப்படி முடிந்தது? ஒவ்வொரு சுரமும் பிறந்த உடனே விலகி வழி விடுகிறது. கம்பி இழுத்துக்கொண்டிருந்தால் அத்தனை சுரங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிப்போயிருக்கும். ஸ்பாஞ்ச் இருந்ததால்தான் அவரால் ஓட முடிந்தது! 1964-இல் வந்த ‘மை கேர்ள்’ பாட்டைக் கேட்டால் அதே மனிதர் நாடித்துடிப்புபோல ஓரிரு சுரங்களை மட்டும் போட்டு, நடுவில் காத்திருக்கிறார். ஓடவும் தெரியும், நிற்கவும் தெரியும்.

மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பதிவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அன்றைய இரவு ஜேமர்சன் ஏதோ கிளப்பில் இருந்தாராம். தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஸ்டூலில் உட்கார முடியாத அளவுக்குக் குடித்திருந்தார். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தார் என்கிறார்கள். குடியை நான் போற்றவில்லை. அந்தக் குடிதான் அவரைக் கொன்றது. விரலுக்குள் என்ன ஏறியிருந்தது என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

அவருடைய பெயர் அந்த இசைத்தட்டுகளில் இருந்ததா? பல வருஷம் இல்லை. அமெரிக்காவே ஆடியது, லண்டனில் பால் மெக்கார்ட்னி உட்கார்ந்து கேட்டுக் கற்றார், உறையில் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கேயின் அந்த இசைத்தட்டில்தான் வாசித்தவர்கள் பெயரை அச்சிட்டார்கள். அதன்பின் கம்பெனி லாஸ் ஏஞ்சலீசுக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார். புது ஊர், புது ரசனை. புதுக் கம்பி போடு, பளிச்சென்று வாசி என்றார்கள். அவர் மாறவில்லை, வேலை குறைந்தது. 1983-இல் மோட்டவுனின் 25-ஆம் ஆண்டு விழா பெரிய அரங்கில் நடந்தது. ஜேமர்சன் தன் காசில் டிக்கெட் வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலமானார். 47 வயது. சாவதற்குச் சற்று முன் அந்த 1962 பேஸும் திருட்டுப் போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஏனென்றால் இது டெட்ராய்ட் கதை மட்டும் இல்லை. நானும் கேசட் காலத்தில் பல பக்திப் பாடல்களுக்கு பேஸ் வாசித்திருக்கிறேன். ஓர் அட்டையிலும் என் பெயர் இல்லை. வீட்டில் அம்மாவிடம் காட்ட ஆசையாக வாங்கிப் போய், திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் தமிழ் ரசிகரின் காது நன்றியுள்ள காது. பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்கிற பழக்கம் நம்மிடம் எங்கிருந்து வந்தது? இளையராஜாவிடமிருந்து வந்தது. தானே கிட்டார் வாசிப்பவர்; பேஸுக்கும் சுரம் சுரமாகத் தாளில் எழுதிக் கொடுத்தார். பாடகரின் மெட்டுக்கு எதிரில் இன்னொரு மெட்டாக அது நடந்தது. சசிதரன் போன்றவர்கள் அதை வாசித்தார்கள். டீக்கடையில் நின்று பாட்டைவிட்டுவிட்டு பேஸை முணுமுணுக்கும் மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து, பேஸ் வாசிப்பவர்கள் கூடினால் நடக்கும் சண்டைகளுக்கு வருவோம். நாலு பேஸ்காரர்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் ஐந்து அபிப்பிராயம் இருக்கும். பிரிசிஷனா, ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸா? விரலா, விரலிடுக்கில் பிடித்துச் சுண்டுகிற பிக்கா? மழமழ ஃபிளாட்வவுண்ட் கம்பியா, சுரசுர ரவுண்ட்வவுண்ட் கம்பியா? நாலு கம்பியா, ஐந்து கம்பியா? எந்த மரம்? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்.

மரத்தைப் பற்றிய சண்டைக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. மின்சார பேஸில் கம்பிக்கு அடியில் காதுபோல இருக்கும் பிக்அப் கேட்பது கம்பியின் அதிர்வை. மரம் செய்கிற மாற்றத்தைவிடக் கம்பியின் வயது செய்கிற மாற்றம் பெரிது. நீங்கள் சுண்டுகிற இடத்தை ஒரு சாண் நகர்த்தினால் வருகிற மாற்றம் அதையும்விடப் பெரிது. நெக் பக்கம் சுண்டினால் உருண்டையாக வரும். பிரிட்ஜ் பக்கம் சுண்டினால் மூக்கால் பேசுவதுபோல இறுக்கமாக வரும். பைசா செலவில்லாமல் ஒரே பேஸில் நாலு பேஸ் இருக்கிறது. மரத்துக்குக் கடன் வாங்காதீர்கள், தம்பிகளே.

பிக் வாசிப்பவர்களைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. லாஸ் ஏஞ்சலீஸில் கேரல் கே என்ற அம்மையார், கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963-இல் பேஸ் வாசிக்க வர வேண்டிய ஆள் வராத நாளில் பேஸைக் கையில் எடுத்தார். பிக்கால்தான் வாசித்தார். கம்பிமேல் கம்பளித் துண்டை வைத்து ஒலியை அடக்கிக்கொண்டார். பாருங்கள், இங்கேயும் அதே நிறுத்தம்! பீச் பாய்ஸ் குழுவின் 1966-ஆம் ஆண்டு ‘பெட் சவுண்ட்ஸ்’ தட்டில் அவர் கை இருக்கிறது. மோட்டவுன் பாட்டுகள் சிலவற்றில் வாசித்தது அவரா ஜேமர்சனா என்று இன்றுவரை பேஸ்காரர்களிடையே வழக்கு நடக்கிறது. இரண்டு பக்கமும் சூடாகப் பேசுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: வாசித்தவர் பெயரை அன்றைக்கே உறையில் போட்டிருந்தால் இந்த வழக்கு வந்திருக்குமா?

ஐந்து கம்பி பேஸைப் பழைய ஆட்கள் சிலர் ஏளனம் செய்வார்கள். ஸ்டூடியோவில் வேலை செய்கிறவருக்கு அது வேண்டும். நாலு கம்பியில் மிகத் தாழ்ந்த கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. ஐந்தாவது கம்பி 31 தடவை. இன்றைய கீபோர்டு அந்தப் பள்ளத்துக்குச் சாதாரணமாக இறங்குகிறது; நாமும் இறங்கத்தான் வேண்டும். அங்கே ஒன்றை மறக்கக் கூடாது. 41 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை 8 மீட்டருக்கு மேல் நீளம். இந்த மேடையைவிட நீளம்! அவ்வளவு பெரிய அலையை ஒரு கூடத்துக்குள் விடுகிறோம். சுவரில் மோதித் திரும்பி வரும். அது அடங்குவதற்குள் அடுத்த அலையை அனுப்பினால் கூடம் முழுக்க இரைச்சல்தான். கல்யாண மண்டபத்தில் காதைப் பொத்திக்கொள்கிறீர்களே, பாதி காரணம் இதுதான்.

ஆம்பைப் பற்றியும் கேட்பீர்கள். தாழ்ந்த ஒலி நம் காதுக்கு மந்தமாகவே எட்டும். அதனால் கிட்டாருக்கு 50 வாட் போதுமான இடத்தில் பேஸுக்கு 300 வாட் தேவைப்படுகிறது. 1969-இல் ஆம்பெக் கம்பெனி 300 வாட் எஸ்.வி.டி. ஆம்பைக் கொண்டுவந்தது, அந்த வருஷ ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சுற்றுப்பயணத்தில் அது மேடையேறியது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்றைக்கு அதே சக்தி தோள்பையில் அடங்குகிறது. முதுகு பிழைத்தது என்று சந்தோஷப்படுகிறேன். ஆனால் சக்தி கைக்குச் சுலபமாக வந்துவிட்ட பிறகு, நிறுத்தும் பொறுப்பு விரலுக்குக் கூடிவிட்டது.

கட்டைவிரலால் அடிக்கிற ஸ்லாப் வாசிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளைஞர்களுக்கு அதில்தான் ஆசை. அது எங்கே பிறந்தது தெரியுமா? லாரி கிரஹாம் என்ற இளைஞர் தன் தாயாரோடு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிளப்புகளில் வாசித்துவந்தார். ட்ரம்ஸ் வாசிப்பவர் போய்விட்டார். அம்மா பாடுகிறார், தாளம் இல்லை. பையன் என்ன செய்வான்? கட்டைவிரலால் கம்பியைத் தட்டி பெரிய ட்ரம்மை உண்டாக்கினான். இன்னொரு விரலால் கம்பியை இழுத்துவிட்டு ஸ்நேர் என்கிற சின்ன ட்ரம்மை உண்டாக்கினான். அம்மாவின் பாட்டுக்குத் தாளம் கிடைத்தது. பிறகு ‘ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்’ குழுவில் அந்தக் கட்டைவிரலை உலகமே கேட்டது. ட்ரம்ஸ் இல்லாத இடத்தை நிரப்பப் பிறந்த வாசிப்பு அது. ஆகவே பக்கத்தில் ட்ரம்ஸ் இருக்கும்போது கட்டைவிரலை எடுப்பதற்கு முன் ஒரு கணம் கேளுங்கள்: இந்த இடம் காலியாக இருக்கிறதா? காலியாக இருந்தால் தாராளமாக அடியுங்கள்.

ஜாகோ பாஸ்டோரியஸ் என்ற பேஸ் கலைஞர் நேர் எதிர்த் திசையில் போனவர். 1962 ஜாஸ் பேஸ் ஒன்றை எடுத்து, லியோ ஃபெண்டர் அவ்வளவு யோசித்துப் போட்ட மெட்டுகளைப் பிடுங்கிவிட்டார்! பள்ளங்களை மரப்பூச்சால் அடைத்தார். சுரசுரக் கம்பி மரத்தை அறுத்துவிடும் என்பதால், படகுக்குப் பூசுகிற எபாக்சியை மேலே பூசினார். ஏன் பிடுங்க வேண்டும்? பேஸின் கம்பி ஒவ்வொன்றிலும் 15 கிலோவுக்கு மேல் இழுவிசை இருக்கிறது. வீணையில் கம்பியை இழுத்து கமகம் எடுப்பதுபோல இதில் எளிதாக எடுக்க முடியாது. மெட்டு இல்லாவிட்டால் விரல் வழுக்கிப் போகலாம். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் வாழலாம். நம் காதுக்கு அவர் வாசிப்பு உடனே சொந்தமாகப் படுவதற்குக் காரணம் அதுதான். 1976-இல் வந்த அவருடைய முதல் தட்டை ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள். அவர் ஒலியை இழுக்கிறவர், பாட வைக்கிறவர். ஆனால் ஒவ்வொரு சுரமும் எங்கே முடிகிறது என்று கவனித்தால், கத்தியால் வெட்டியதுபோல முடிகிறது. ஸ்பாஞ்ச் இல்லாமலே கையால் நிறுத்தியவர் அவர்.

அந்தக் கையைப் பற்றிக் கடைசியாகக் கொஞ்சம் பேசுகிறேன். மாணவர்கள் நன்றாகக் கேளுங்கள். எல்லோரும் வலது கையைப் பார்க்கிறார்கள். நிறுத்தம் பாதிக்கு மேல் இடது கையில் இருக்கிறது. மெட்டில் அழுத்திய விரலை முழுக்க எடுத்துவிட்டால் கம்பி மீண்டும் பேச ஆரம்பிக்கும். அழுத்தத்தை மட்டும் விடுங்கள். விரல் கம்பியைத் தொட்டபடியே இருக்கட்டும். ‘தும்’ நின்றுவிடும். வாசிக்காத கம்பிகளும் சும்மா இருக்காது, பக்கத்துக் கம்பியின் அதிர்வில் தாமும் முனகும். வலது கட்டைவிரல் அவற்றின்மேல் படுத்திருக்க வேண்டும், தூங்கும் பிள்ளைமேல் தாய் கை போட்டிருப்பதுபோல.

மணிக்கட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பேஸில் நட்டுக்கும் முதல் மெட்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 2 அங்குலம் இருக்கிறது. மெட்டுக்கு ஒரு விரல் என்று கிட்டாரில் கற்றதை அங்கே கொண்டுவந்து, நாலு விரலையும் விரித்து வைத்துத் தினம் மூன்று மணி நேரம் சாதகம் செய்து, ஒரு வருஷம் கையைத் தூக்க முடியாமல் இருந்தவன் நான். டபுள் பேஸ் ஆசிரியர்கள் இதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டார்கள்: தாழ்ந்த இடத்தில் ஆட்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மட்டும். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கட்டும். வலித்தால் நிறுத்துங்கள். வலியோடு செய்கிற சாதகம் கைக்குப் போவதில்லை.

இன்னொரு பயிற்சி. மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். ஒரே சுரம். அடிக்கு ஓர் அடி. முதலில் ஒலி அடுத்த அடி வரை நிற்கட்டும். பிறகு முக்கால் அளவு. பிறகு பாதி. பிறகு கால். எங்கே தொடங்குகிறோம் என்பதை எண்ணாதீர்கள்; எங்கே முடிக்கிறோம் என்பதை எண்ணுங்கள். பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். அரை மணி நேரம் தாண்டினால் அந்த ஒற்றைச் சுரம் ஆட ஆரம்பிக்கும். என்னிடம் கற்க வந்த ஒரு பெண், மூன்றாவது வாரம், வாசித்துக்கொண்டிருக்கும்போதே தலையை அசைக்க ஆரம்பித்தாள். “சார், நான் ஒண்ணும் மாத்தலையே, எப்படி சார் பாட்டு மாதிரி இருக்கு?” என்றாள். அந்த வாரத்திலிருந்து அவளுக்கு நான் கம்பி வாங்கச் சொல்லவில்லை, ஆம்ப் வாங்கச் சொல்லவில்லை. பாட்டு மட்டும் கொடுத்தேன்.

நேரமாகிவிட்டது. நான் வார்த்தையில் சொன்னதை இனி நீங்கள் காதால் கேட்க வேண்டும். எட்டு அடி கொண்ட ஒரே வரி, அதே வேகம், அதே ஆம்ப், அதே சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தத் தம்பி ட்ரம்ஸ் வாசிப்பார். இரண்டு தடவை வாசிக்கிறோம். முதல் தடவை கம்பி முழுக்க இழுக்கும். இரண்டாவது தடவை இந்தத் துண்டைக் கம்பிக்கு அடியில் செருகிவிட்டு. இரண்டாவது தடவை வாசிக்கும்போது நீங்கள் என்னைக் கேட்காதீர்கள். தம்பியின் ட்ரம்மைக் கேளுங்கள். மேலே ஓடுகிற மின்விசிறியைக் கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரின் கால் தரையில் தட்டுவதைக் கேளுங்கள்.

மூன்றாவது வரிசையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, வெள்ளைச் சட்டை, அவர்தான் அந்த அண்ணன். விருதுநகரில் என் பேஸில் ஸ்பாஞ்சைச் செருகியவர். இந்தத் துண்டை இன்று காலையில் வெட்டிக் கொடுத்தவரும் அவரே. அண்ணே, சரியாக வைக்கிறேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி, ஆம்பைப் போடுங்கள்.